கன்னியம்மாள் என்கிற கன்னியம்மாள்

செல்வி: பைய எடுங்க, உக்காரணும்.

மதிவாணன்: இவ்ளோ நீட்டு பெஞ்சுல என் பை இருக்குற எடம்தான் வேணுமா ஒனக்கு?

செல்வி: ஃபேன் அங்கதான் சுத்துது வக்கீல் சார்.

மதிவாணன்: சாரா?

செல்வி: வேற எப்பிடி கூப்புடறது? பேங்க்ல நாலு பேரு இருக்காங்க.

மதிவாணன்: ஆறு வருஷம் கழிச்சுப் பேசுற... கூடப் பொறந்தவன் சாராயிட்டேன்.

செல்வி: கூடப் பொறந்தவன்னு இந்த பேங்க் மேனேஜர் அம்மா ஃபோன் பண்ணப்புறம்தானே ஞாபகம் வந்துச்சு?

மதிவாணன்: ஒனக்கு மட்டும் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சாக்கும். சரி, விடு. பாலிசி பேப்பர் கொண்டாந்தியா?

செல்வி: எல்லாம் இருக்கு. நீங்க அஃபிடவிட் அடிச்சுட்டீங்களா?

மதிவாணன்: இந்தா. நாலே வரி. ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா முடிஞ்சுது.

செல்வி: 'மேற்படி இரண்டு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும்...' இவ்ளோதானா?

மதிவாணன்: இவ்ளோதான்.

செல்வி: இந்த நாலு வரிக்காண்டியா அந்தம்மா பத்து மாசமா நடந்துச்சு?

மதிவாணன்: ஏம்மா, மெதுவாப் பேசு.

செல்வி: மெதுவா என்ன? கன்னியம்மாளுக்கு எவனாவது சி போட்டு எழுதுவானா?

மதிவாணன்: நானா போட்டேன்? அவங்க பொறந்தப்ப மேரியில, அதான் முனிசிபாலிட்டி ஆபீசுல, அப்பிடித்தான் பதிஞ்சிருக்கான். பிரெஞ்சுக்காரன் வழக்கம். சி-யில ஆரம்பிச்சு, கடைசில ரெண்டு எல்லு, அதுக்கு மேல ஒரு ஈ. அந்த ஈ எதுக்குன்னு பதிஞ்சவனுக்குத்தான் வெளிச்சம். கல்யாணப் பதிவு, வீட்டுப் பத்திரம், எல்லாத்துலயும் அதேதான். உயில்ல மட்டும் நான் மாத்தி எழுத முடியுமா?

செல்வி: ஆதார்ல கே. பேங்க் புக்குல கே. ஆதாரப் பாத்துத்தானே நான் நாமினி பேரு போடணும்? நானும் கே போட்டேன்.

மதிவாணன்: அப்ப நீ எழுதுனதும் சரி, நான் எழுதுனதும் சரி.

செல்வி: சரியா எழுதியே ஒரு பொம்பளைய ரெண்டு பொம்பளையாக்கிட்டோம். ராஜாங்கம் செத்த சர்ட்டிஃபிகேட்ல மனைவி பேரு சி. பாலிசியில மனைவி பேரு கே. 'இது யாரு, அது யாரு'ன்னு கம்பெனி கேக்குது.

மதிவாணன்: நீ ஒரு லெட்டர் குடுத்திருக்கலாம் இல்ல?

செல்வி: நீங்க குடுத்திருக்கலாம் இல்ல? நான் வக்கீல்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, நீங்க என்ன சொல்லி அனுப்புனீங்க? சொல்லுங்க.

மதிவாணன்: 'உயில்ல தப்பு ஒண்ணும் இல்ல. தப்பு பாலிசியில. ஏஜென்ட்கிட்ட போங்க'ன்னேன்.

செல்வி: நான் திரும்ப ஒங்ககிட்ட அனுப்புவேன். கதிர்காமத்துலேருந்து பஸ் புடிச்சு லாஸ்பேட்டைக்கு எங்கிட்ட. அங்கேருந்து டவுனுக்கு ஒங்ககிட்ட. வெயில்ல, அந்த மஞ்சப் பைய இடுக்கிக்கினு. எண்ணிப் பாத்தீங்களா எத்தன தடவன்னு?

மதிவாணன்: எண்ணலம்மா. ஆனா ஒவ்வொரு தடவயும் வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்கும். உள்ள வாங்கம்மான்னாலும் வராது. அந்த ஞாபகம்தான் வருது... ராத்திரி சோறு எறங்கல எனக்கு.

செல்வி: எனக்கு மட்டும் எறங்குச்சா?

மதிவாணன்: சரி, இப்பவாவது வந்தோமே. லெட்டர் இன்னிக்குப் போனா பாலிசி பணம் எப்ப வரும்?

செல்வி: பதினஞ்சு நாள். நானே நின்னு வாங்கிக் குடுக்கறேன்.

மதிவாணன்: அது வந்தா வீட்டு லோன் அடஞ்சிடும். பத்திரத்தத் திருப்பிடலாம். பாதி வீடுன்னாலும் அவங்க பேருல நிக்கும். அந்தக் கொழுந்தன் சக்கரபாணி அப்புறம் வாயத் தொறக்க முடியாது.

செல்வி: ராஜாங்கம் அதுக்குத்தானே பாலிசி போட்டாரு. மில்லு மூடுன பணத்துல மொத வேலையா எங்கிட்டதான் வந்தாரு. 'நான் போனாலும் வூடு நிக்கணும் செல்விம்மா'ன்னாரு.

மதிவாணன்: எங்கிட்டயும் அதே பேச்சுதான். உயில் எழுதுன அன்னிக்கு...

செல்வி: அன்னிக்கு?

மதிவாணன்: ஒண்ணும் இல்ல. தோ, வராங்க பாரு.

செல்வி: வாங்கம்மா, வாங்க. இங்க ஃபேனுக்கு நேரா உக்காருங்க.

கன்னியம்மாள்: இன்னா அதிசயம்! அண்ணனும் தங்கச்சியும் ஒரே பெஞ்சுல!

மதிவாணன்: ஒங்களுக்காகத்தாம்மா.

கன்னியம்மாள்: இந்தக் கண்கொள்ளாக் காட்சியப் பாக்க அவருக்குக் குடுத்து வெக்கல. ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் எதுக்கு வேலயக் குடுத்தாருன்னு தெரியுமா? 'அண்ணன் தங்கச்சி, ஒரே குடும்பம். நமக்குப் படிப்பு இல்ல. அதுங்க ரெண்டும் பேசிக்கும்'னாரு.

செல்வி: ... எங்க சண்ட அவருக்குத் தெரியாதாம்மா?

கன்னியம்மாள்: அப்பறம்தான் தெரிஞ்சுது. ஒங்கப்பா வூடு பூட்டிக் கெடக்குதுன்னு யாரோ சொன்னாங்க. 'ஊருக்கெல்லாம் உயில் எழுதுறாரு, சொந்த அப்பனுக்கு எழுதாம வுட்டுட்டாரே'ன்னு சிரிச்சாரு... கோச்சுக்காதீங்க சார்.

மதிவாணன்: உண்மதானேம்மா. கோச்சுக்க என்ன இருக்கு.

செல்வி: அம்மா, எல்லாம் ரெடியா இருக்கு. இதுல ஒங்க கையெழுத்து ஒண்ணு, நாங்க ரெண்டு பேரும் போட்டுடறோம். பதினஞ்சு நாள்ல பணம்...

கன்னியம்மாள்: நான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. பாகூர்ல தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்.

செல்வி: எப்ப திரும்புவீங்க?

கன்னியம்மாள்: எங்க திரும்புறது? சாமான்லாம் நேத்தே டெம்போல போயிடுச்சு.

மதிவாணன்: என்னம்மா சொல்றீங்க? வீடு?

கன்னியம்மாள்: போன வெள்ளிக்கெழம எழுதிக் குடுத்துட்டேன் சார்.

மதிவாணன்: என்னத்த எழுதிக் குடுத்தீங்க? யாருக்கு?

கன்னியம்மாள்: கொழுந்தனுக்கு. விடுதலப் பத்திரம். என் பங்க அவரே எடுத்துக்குறாரு, லோன அவரே கட்டிக்குறாரு. பேங்க்லேருந்து ஆளு வந்து வாசல்ல நோட்டீசு ஒட்டிட்டுப் போனான் சார். தெருவே நின்னு பாத்துச்சு. எனக்கு மானமே போயிடுச்சு.

செல்வி: எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா...

கன்னியம்மாள்: ஒரு வார்த்தயா? பதினோரு தடவ வந்தேன் செல்விம்மா.

மதிவாணன்: இருங்க, இருங்க. அதெப்பிடி ரிஜிஸ்டர் ஆச்சு? வீட்டுப் பத்திரத்துல சி. ஆதார்ல கே. அங்க கேக்கலயா?

கன்னியம்மாள்: கேட்டாங்க. கொழுந்தன் கூட்டியாந்த பத்திரம் எழுதுறவரு சிரிச்சாரு. 'இது ஒரு பெரிய விஷயமா'ன்னாரு. சி-யில ஒரு கன்னியம்மாள், கே-யில ஒரு கன்னியம்மாள், நடுவுல 'என்கிற'ன்னு போட்டாரு. 'கன்னியம்மாள் என்கிற கன்னியம்மாள்'. படிச்சுக் காட்டுனப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. அவ்ளோதான் சார். மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சுது.

மதிவாணன்: என்கிற...

கன்னியம்மாள்: கையெழுத்து போடறேன்னேன். எங்க வூட்டுக்காரரு சொல்லிக் குடுத்த கையெழுத்து, தமிழ்ல நல்லாவே போடுவேன். வாணாம், கைரேகையே வெச்சுடு, அதுக்கு ஸ்பெல்லிங் கெடையாதுன்னாரு பத்திரக்காரரு. வெச்சுட்டேன்.

மதிவாணன்: அம்மா, கேஸ் போடலாம். நோட்டீசக் காட்டி பயமுறுத்தி வாங்குனதுன்னு போடலாம். நான் ஒரு பைசா வாங்க மாட்டேன், நானே...

கன்னியம்மாள்: வாணாம் சார்.

மதிவாணன்: கேளுங்கம்மா...

கன்னியம்மாள்: மறுபடியும் ஒரு பதினோரு தடவ நடக்க என் காலுல தெம்பு இல்ல. அவரு செவுத்துல ஒவ்வொரு கல்லா வெச்சது. நானும் சித்தாளா நின்னு சாந்து எடுத்துக் குடுத்தேன். போவட்டும். பாலிசி பணம் வந்தா தங்கச்சி கையில குடுத்துட்டு ஒரு ஓரமா இருந்துக்குறேன். எங்க கையெழுத்து போடணும் செல்விம்மா?

செல்வி: இங்க... இங்கம்மா.

கன்னியம்மாள்: இங்கயாவது நானே போட்டுக்குறேன். க... ன்... னி... இந்தா. இந்தப் பையையும் வெச்சுக்குங்க. எல்லாம் ஜெராக்ஸு. இனிமே எனக்கு எதுக்கு.

செல்வி: அம்மா, எங்க மேல கோவமே இல்லயா ஒங்களுக்கு? ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போங்கம்மா.

கன்னியம்மாள்: இருந்துச்சு. ஆடி மாசம் வரைக்கும் வயிறு எரியுதுன்னு இருந்துச்சு. அப்பறம் சார் மேல இருந்த கோவம் போயிடுச்சு. அவரு என் எதிர்லயே ஒனக்கு ஃபோன் போட்டாரே! காதுல வெச்சுக்கினு ரொம்ப நேரம் நின்னாரு. 'ரிங் போவுதும்மா, செல்வி எடுக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ணுவேன்'னாரு. அவரு மொகம் அப்பிடி வாடிப் போச்சு. பாவம், அவரும் முயற்சி பண்ணாரு... வரேம்மா. வரேன் சார். பஸ்ஸு போயிடும். ரெண்டு பேரும் இப்பிடியே ஒத்துமையா இருங்க.

செல்வி: ஆட்டோல கொண்டு போய் வுடறேன், இருங்க...

கன்னியம்மாள்: வாணாம்மா. நடந்து நடந்து பழகிடுச்சு.

மதிவாணன்: ஒரு 'என்கிற'. இருவத்தெட்டு வருஷமா பத்திரம் எழுதுறேன். எத்தன ஆயிரம் தடவ எழுதியிருப்பேன் அந்த வார்த்தைய. உயில்ல அத சேக்கணும்னா பாலிசியில என்ன பேரு இருக்குன்னு எனக்குத் தெரியணும்.

செல்வி: எங்கிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

மதிவாணன்: உயில் எழுதுன அன்னிக்கு ராஜாங்கம் அதான் கேட்டாரு. 'தங்கச்சிகிட்ட ஒருக்கா பேசிடுங்க சார்'னு. அதது வேல அததுக்கு, நீங்க கவலப்படாதீங்கன்னேன். பெரிய மனுசனாட்டம்.

செல்வி: எங்கிட்டயும் வந்தாரு. 'உயில் காப்பி அண்ணன்கிட்ட இருக்கு, வாங்கிப் பாத்துடும்மா'ன்னாரு. அவருக்கு வேணும்னா அவரு வரட்டும்னு இருந்துட்டேன்.

மதிவாணன்: ரெண்டு தெரு தள்ளித்தான் ஒன் ஆபீசு வெச்சிருந்த அப்ப.

செல்வி: ண்ணா...

மதிவாணன்: ம்.

செல்வி: ஒண்ணு சொல்லணும். திட்டாத.

மதிவாணன்: சொல்லு.

செல்வி: ஆடி மாசம் நீ கூப்ட்டது எனக்கு வரவே இல்ல. அப்பா காரியம் முடிஞ்ச மறுநாளே ஒன் நம்பர பிளாக் பண்ணிட்டேன். இன்னிக்குக் காலைல மேனேஜர் சொல்லித்தான் எடுத்துவுட்டேன். ஆறு வருஷம்ண்ணா. வீம்பு. நீதான் எறங்கி வரணும்னு வீம்பு. நீ எறங்கி வந்திருக்க. கூப்ட்டிருக்க. நான்தான் கதவ சாத்தி வெச்சிருந்தேன். அந்த ஒரு ஃபோன எடுத்திருந்தா அன்னிக்கே நாலு வரி எழுதியிருப்போம். அந்தம்மா இன்னிக்கு அதும் வூட்ல இருந்திருக்கும். நான் குடிகெடுத்துட்டேன்ண்ணா. அதும் மூஞ்சியப் பாத்தியா? கோவம் கூட இல்ல அதுக்கு.

மதிவாணன்: அழாத செல்வி. எல்லாரும் பாக்குறாங்க.

செல்வி: பாக்கட்டும்... இரு. 'ரிங் போவுது'ன்னு சொன்னியாமே? எதிர்லயே நின்னு ரொம்ப நேரம் காதுல வெச்சிருந்தியாமே?

மதிவாணன்: ...

செல்வி: பிளாக் பண்ணியிருந்தா அவ்ளோ நேரம் ரிங் போவாதேண்ணா. ஒடனே கட்டாயிடுமே. எப்பிடி போச்சு?

மதிவாணன்: நீ பிளாக் பண்ணது எனக்குத் தெரியாதும்மா... நான் டயலே பண்ணல. சும்மாதான் காதுல வெச்சுக்கினு நின்னேன்.