நீல ஆட்டுக்குட்டி

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண்ணிடம் பக்கத்துப் பெரியவர் கேட்டார்: "ஏம்மா, உன் ஆட்டுக்குட்டிக்கா நீலச்சாயம் பூசுனாவ?"

"ஆமா அண்ணாச்சி. படம் எடுக்கணும்னு ஒரு ஓவியர் கேட்டாரு, குடுத்தேன். அந்தப் படத்தப் போன்ல பாத்துட்டு ஊரே ஏசுது. வாசம் மாறிப்போச்சுல்லா, தாயாடு பக்கத்துல அண்டவிட மாட்டேங்குது."

"கழுவிவிட வேண்டியதுதான?"

"இன்னும் படம் பாக்கி, கழுவாதங்காரு ஓவியர். வாயில்லா சீவனை வதைக்காருன்னு கேஸ் குடுத்தவியளும் கழுவாதங்காவ. சாட்சி அழிஞ்சிருமாம்."

"ரெண்டு பேரும் ஒண்ணுபோலச் சொல்லுதாவளே! குட்டி பாலுக்கு என்ன செய்யும்?"

"புட்டில குடுத்தா துப்புது. கிறங்கிப்போய் கிடக்கு."

இறங்குவதற்கு எழுந்தவள் குனிந்து மெல்லக் கேட்டாள்: "அண்ணாச்சி, மழை பெஞ்சு சாயம் போனா எம்மேல குத்தம் வருமா?"

அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை.