கண்ணாடியும் டயரும் சேராது

மாமா: சேராதுன்னா... எதுவுமே சேராதா?

கவுன்ட்டர் பெண்: கண்ணாடியும் டயரும் இன்ஷூரன்ஸ்ல சேராது சார். வண்டிக்கு அடியில இடிச்சாலும் சேராது. மத்தது எல்லாம் சேரும்.

மாமா: கண்ணாடி, டயர், அடிப்பாகம் மூணும் போச்சுன்னா மிச்சம் என்னம்மா இருக்கு? ஹாரனா?

நான்: மாமா, அது நடு பிளான். அவங்ககிட்ட மூணு இருக்கு. சாதா, நடு, முழுசு.

மாமா: நல்லவேளை, வெளிநாட்டுலயும் இந்தப் பொண்ணு நம்ம பேச்சு பேசுது மாப்பிள்ளை. இல்லேன்னா தலையை ஆட்டிட்டு எல்லாத்துலயும் கையெழுத்து போட்டிருப்பேன். சொல்லும்மா, சாதான்னா?

கவுன்ட்டர் பெண்: சாதான்னா, நீங்க வாடகைக்கு எடுக்கற வண்டிக்கு என்ன ஆனாலும் ஒரு அளவு வரைக்கும் உங்க கைக்காசு. அதுக்கு மேலதான் இன்ஷூரன்ஸ் குடுக்கும். முழுசுன்னா கவலையே வேண்டாம். அப்பளம் மாதிரி நொறுக்கிக் கொண்டாந்து குடுத்தாலும் சிரிச்ச முகமா வாங்கிப்போம்.

மாமா: நிஜமா சிரிப்பீங்களா?

கவுன்ட்டர் பெண்: அதுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க சார்.

மாமா: மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. ஓட்டப் போறது நீங்க.

நான்: பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் என்ன மாமா சொல்றது...

மாமா: நான் முழுசு எடுங்கன்னு சொன்னா என்ன அர்த்தம்? மாப்பிள்ளை இடிப்பார்னு அர்த்தம். அதை என் வாயால சொல்வேனா?

நான்: சேச்சே...

மாமா: நீங்களா வேணும்னு சொன்னா அது வேற.

நான்: நானா சொன்னா, இடிச்சுடுவேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?

மாமா: ஆகும்.

நான்: அப்ப எப்படி மாமா சொல்றது?

கவுன்ட்டர் பெண்: சார், யாராவது ஒருத்தர் சொல்லுங்க. பின்னாடி வரிசை நிக்குது.

மாமா: இரும்மா. இதெல்லாம் நம்ம கையில மட்டுமா இருக்கு? மேலேருந்து கல்லு விழலாம். பறவை வந்து முட்டலாம். நாம பாட்டுக்கு ஓரமா நிக்கும்போது எவனாவது வந்து இடிக்கலாம். அதுக்காக வேணும்னா முழுசு...

நான்: ஆமா மாமா! பறவைக்காக வேணும்னா...

மாமா: ஆனா மாப்பிள்ளை ஓட்டினா பறவையே ஒதுங்கிப் போகும்.

நான்: ...போகும் மாமா.

மாமா: இன்னொண்ணு கேக்கறேன்மா. வண்டி பின்னாடி போகும்போது ஏதாவது பொருள் மேல ஏறிட்டா? உதாரணத்துக்கு... ஒரு நாற்காலி?

நான்: நாற்காலியா?

மாமா: உதாரணத்துக்குச் சொன்னேன் மாப்பிள்ளை. ஏன், உங்களுக்கு வேர்க்குது?

நான்: ஏசி... ஏசி சரியா இல்ல இங்க.

கவுன்ட்டர் பெண்: அடுத்தவங்க பொருளுக்கு எல்லா பிளான்லயும் உண்டு சார். நாற்காலியும் சேரும்.

மாமா: நல்ல கம்பெனி.

நான்: ஏங்க, கியர் இல்லாத வண்டி ஒண்ணுகூட இல்லையா? மாமாவுக்கு... குலுங்காம இருக்கும்னு கேக்கறேன்.

கவுன்ட்டர் பெண்: எல்லாம் காலையிலயே போயிடுச்சு சார். இன்னிக்கு யுனிவர்சிட்டி பட்டமளிப்பு விழா. ஊரே அங்கதான் போகுது.

மாமா: நாங்களும் அங்கதான்மா. என் பொண்ணு பட்டம் வாங்கறா. இவர் வீட்டுக்காரம்மா. ரெண்டு வருஷம் இவரைத் தனியா விட்டுட்டு வந்து படிச்சா. சாயங்காலம் மேடை.

கவுன்ட்டர் பெண்: மூணு மணி நேர ரோடு சார். பஸ்ஸும் நாளைக்குத்தான். நீங்க ஓட்ட மாட்டீங்களா சார்? கூடுதல் டிரைவர்னு பேர் போட்டுக்கலாம்.

மாமா: முழங்கால் மடங்காதும்மா. வேலையில நின்னு நின்னே போச்சு. நான் லைசன்ஸ் டெஸ்ட் எடுக்கற ஆபீசரா இருந்தவன். எத்தனை பேரை ஃபெயில் பண்ணிருப்பேன் தெரியுமா?

நான்: அது இப்ப எதுக்கு மாமா... நான் போய்க் கை கழுவிட்டு வந்துடறேன்.

மாமா: ரெண்டு தடவை கழுவிட்டீங்களே?

நான்: இங்க தண்ணி நல்லா இருக்கு மாமா.

*

மாமா: வந்துட்டீங்களா? வேலை முடிஞ்சது. சாதாவே போட்டுட்டேன்.

நான்: சாதா... சாதாவா?

மாமா: நீங்க இருக்கும்போது வேற எதுக்கு? நான் வெளிய போய் வண்டியைப் பாக்கறேன். நீங்க சாவி வாங்கிட்டு வாங்க.

நான்: மெதுவாப் போங்க மாமா. படி இருக்கு... ஏங்க. ஏங்க, ஒரு நிமிஷம். அவர் போயிட்டாரா?

கவுன்ட்டர் பெண்: கதவைத் தாண்டிட்டார்.

நான்: அந்தச் சாதாவை முழுசா மாத்துங்க. கண்ணாடி, டயர், மேல, கீழ, ஒண்ணு விடாதீங்க. உங்ககிட்ட முழுசுக்கு மேல ஏதாவது இருக்கா?

கவுன்ட்டர் பெண்: முழுசுக்கு மேல வண்டியை எடுக்காம இருக்கறதுதான் சார். ஆனா... நான் எப்படிச் சொல்றது... ஏற்கெனவே முழுசுதான் போட்டிருக்கு.

நான்: யாரு போட்டா?

கவுன்ட்டர் பெண்: நீங்க கை கழுவப் போனதும் போட்டார். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிருக்கார்.

நான்: அப்படியா! வேற என்ன சொன்னார்?

கவுன்ட்டர் பெண்: "மாப்பிள்ளை தங்கமான மனுஷன்மா. அதனால முழுசாவே போடு"ன்னார்.

நான்: இதுல "அதனால" எப்படி வந்துச்சு?

கவுன்ட்டர் பெண்: எனக்கும் புரியலை சார்.

நான்: சரி, நான் கேட்டதையும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

கவுன்ட்டர் பெண்: அவர் சொன்னதை உங்ககிட்ட சொல்லக் கூடாது, நீங்க சொன்னதை அவர்கிட்ட சொல்லக் கூடாது. நான் என்ன சார், உங்க வீட்டுச் சம்பந்தியா? ஆமா, லைசன்ஸ் இருக்குல்ல? ஏன் இப்படிப் பயப்படறீங்க?

நான்: லைசன்ஸ் இருக்கு. அதை வாங்கறதுக்கு முன்னாடி மூணு தடவை ஃபெயில்.

கவுன்ட்டர் பெண்: அதனால என்ன சார்? நானே ரெண்டு தடவை.

நான்: உங்களை ஃபெயில் பண்ணவர் உங்களுக்கு மாமனாரா வந்தாரா?

கவுன்ட்டர் பெண்: ...ஐயையோ. இவரா?

நான்: இவரேதான். மூணாவது தடவை வண்டியைப் பின்னாடி எடுத்தேன். மைதானத்து ஓரமா நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். அவர் எழுந்துட்டார். நாற்காலிக்கு எழுந்துக்கத் தெரியலை.

கவுன்ட்டர் பெண்: சிரிச்சுக்கலாமா சார்?

நான்: பயிற்சி குடுத்திருக்காங்கல்ல, சிரிங்க. அப்புறம் எப்படியோ லைசன்ஸ் கிடைச்சுது. பல வருஷம் கழிச்சு பொண்ணு கேட்டுப் போனா, கதவைத் திறக்கறது இவர். டெஸ்ட்டுக்குப் போனப்பல்லாம் நான் பெரிய தாடி வெச்சிருந்தேன், அதனால அவருக்கு அடையாளம் தெரியலை. ஆனா என்னமோ பிடிக்கலை போல. எங்க வீட்டு ஆளுங்களை எல்லாம் சோபாவுல உக்கார வெச்சுட்டு, எனக்கு மட்டும் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. எங்க சித்தி இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டறாங்க.

கவுன்ட்டர் பெண்: கல்யாணத்துக்கு அப்புறம் அவரை வெச்சு ஓட்டினதே இல்லையா?

நான்: ஓட்டுவேனா? கால் வலி, கண் வலி, பல் வலி... ஆறு வருஷமா ஏதோ ஒரு வலி சொல்லி ஓட்டிட்டேன்.

கவுன்ட்டர் பெண்: பல் வலிக்கும் வண்டிக்கும் என்ன சார்?

நான்: அவரும் அதைத்தான் கேட்டார். இங்க பாருங்க, என் முகம் அவருக்கு மறந்திருக்கும். ஆனா நான் கிளட்ச் விடறதைப் பாத்தா நிமிஷத்துல ஞாபகம் வந்துடும். அப்புறம் இத்தனை வருஷம் மறைச்சு வெச்சுப் பழகினவன்னு ஆகிடும். வண்டி போனா இன்ஷூரன்ஸ் இருக்கு. இந்த மரியாதை போனா என்னங்க பண்றது?

கவுன்ட்டர் பெண்: அது எந்த பிளான்லயும் சேராது சார். வாங்க, அவர் கூப்பிடறார்.

*

மாமா: இங்க பாரும்மா. கதவுக்குக் கீழ ஒரு கீறல். எழுதிக்கோ.

கவுன்ட்டர் பெண்: அது தூசி சார்.

மாமா: தொட்டுப் பாரு.

கவுன்ட்டர் பெண்: ...கீறல்தான் சார்.

மாமா: பின்னாடி பம்பர் ஒரு பக்கம் தொங்குது. மாப்பிள்ளை, பாருங்க, நமக்கு முன்னாடியே எவனோ பின்னாடி எடுத்து இடிச்சிருக்கான்.

நான்: கேக்கவே சந்தோஷமா இருக்கு மாமா.

மாமா: எதுக்கு?

நான்: இல்ல... பாவம்னு சொல்ல வந்தேன்.

கவுன்ட்டர் பெண்: இவ்வளவு நுணுக்கிப் பாக்க வேண்டாம் சார், உங்களுக்குத்தான் முழு...

மாமா: ம்ஹூம்!

நான்: ம்ஹூம்!

கவுன்ட்டர் பெண்: ...முழு மனசோட வாழ்த்து சொல்ல வந்தேன். இந்தாங்க சாவி. பெட்ரோல் வண்டி. டீசல் ஊத்திட்டா அதுவும் எதுலயும் சேராது. நல்லபடியாப் போயிட்டு வாங்க. நான் உள்ள போறேன். என்னால முடியல.

மாமா: நல்ல பொண்ணு. ஏறுங்க மாப்பிள்ளை... அது என் சீட்டு.

நான்: உங்களுக்குக் கதவு திறந்து விட வந்தேன் மாமா.

மாமா: திறந்து விட வந்தவர் உள்ள ஏன் உக்காந்தீங்க?

நான்: சீட்டு சூடா இருக்கான்னு பாத்தேன்.

மாமா: இருக்கா?

நான்: பதமா இருக்கு. வாங்க. நான் அந்தப் பக்கம் போறேன். இந்த ஊர்ல எல்லாமே மாத்தி வெச்சிருக்காங்க.

மாமா: ரோட்டுக்கு அவசரமில்லை. முதல்ல இந்த மைதானத்துலயே ரெண்டு சுத்து வாங்க. ஸ்டியரிங் பழகட்டும். இண்டிகேட்டர் போடுங்க.

நான்: போட்டுட்டேன்.

மாமா: அது வைப்பர்.

நான்: தூசி இருந்துச்சு மாமா.

மாமா: சரி. கிளப்புங்க... பரவாயில்லை, நின்னுடுச்சு, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்ச்சை முழுசா மிதிங்க. மெதுவா விடுங்க... மெதுவா! சுடு தண்ணியில கால் வெச்ச மாதிரி வெடுக்குன்னு எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

நான்: எத்தனை தடவையா? இப்பத்தானே மாமா முதல் தடவை சொல்றீங்க...

மாமா: இது நாலாவது. என்னைப் பாக்காதீங்க. கண்ணாடியைப் பாருங்க.

நான்: மாமா... எனக்கு அப்ப தாடி இருந்துச்சே...

மாமா: தாடி கிளட்ச்சை மறைக்குமா? திருப்புங்க. நல்லா ஒடிச்சுத் திருப்புங்க. ம்... இது அப்ப வரலை உங்களுக்கு.

நான்: எப்ப மாமா கண்டுபிடிச்சீங்க?

மாமா: நான் எங்க கண்டுபிடிச்சேன்? மறந்தாத்தானே கண்டுபிடிக்கணும். நாலாவது தடவை வேற ஆபீசர்கிட்ட பாஸ் பண்ணிட்டீங்க. அன்னிக்கு நான் லீவு.

நான்: லீவுன்னு விசாரிச்சுட்டுதான் மாமா வந்தேன்.

மாமா: அதுவும் தெரியும். விசாரிச்சது எங்க ஆபீஸ் வாட்ச்மேன்கிட்ட. பாத்து, தூண்.

நான்: பாத்துட்டேன். அப்ப இத்தனை வருஷம் நான் சொன்ன பல் வலி...

மாமா: ஒவ்வொரு பண்டிகைக்கும் என்ன வலி வரப்போகுதுன்னு நானும் உங்க அத்தையும் பந்தயம் கட்டுவோம். இப்ப ரிவர்ஸ் எடுங்க. அந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல.

நான்: வேண்டாம் மாமா.

மாமா: முழுசு போட்டிருக்கு, எடுங்க. நீங்களும் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டிருப்பீங்களே? என் பொண்ணு பட்டம் வாங்கறதைப் பாக்கணும்னா இது வரணும். நான் பேச மாட்டேன்.

நான்: ...

மாமா: ...

நான்: ...நின்னுடுச்சா?

மாமா: நின்னுடுச்சு. எதையும் இடிக்கலை. பாஸ்.

நான்: நிஜமாவா மாமா?

மாமா: நான் யாருக்கும் சும்மா பாஸ் போட்டதில்லை. உங்களுக்கே தெரியும்.

நான்: ஆனா... எல்லாம் தெரிஞ்சுமா மாமா எனக்குப் பொண்ணு குடுத்தீங்க?

மாமா: வண்டிக்குத்தான் ஃபெயில் போட்டேன். பொண்ணு குடுக்கறது வேற டெஸ்ட். என்கிட்ட ஃபெயில் ஆனவன் எல்லாம் வெயில் கண்ணை அடிச்சுது, பிரேக் பிடிக்கலைன்னுதான் சொல்வான். நீங்க குதிச்சு இறங்கி ஓடி வந்து, "சார், உங்களுக்கு அடிபடலையே"ன்னு கேட்டீங்க. அடுத்த வாரம் ஆபீஸ் வாசல்ல ஒரு புது நாற்காலி இருந்துச்சு. பேரும் இல்லை, ஊரும் இல்லை.

நான்: அது... உடைச்சது நான்தானே மாமா. மனசு கேக்கலை.

மாமா: உங்களுக்கு மனசு கேக்கலை. எனக்குக் கால் போச்சு.

நான்: ஏன் மாமா?

மாமா: டெஸ்ட்டுக்கு வந்தவன் குடுத்த பொருள்ல நான் உக்காரலாமா? நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேப்பான். ஆபீஸ்ல வேற நாற்காலியும் குடுக்கலை, அதான் ஒண்ணு இருக்கேன்னுட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் நின்னுக்கிட்டே டெஸ்ட் எடுத்தேன். இன்னிக்கு வண்டியை நான் ஓட்டாம நீங்க ஓட்டறீங்கன்னா, அதுக்கும் நீங்கதான் காரணம்.

நான்: ஐயோ மாமா... அந்த நாற்காலி என்ன ஆச்சு?

மாமா: கடைசி நாள் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். சொந்தக்காரன் என்னிக்காவது வந்தா குடுக்கணும்ல? சொந்தக்காரன் பொண்ணு கேட்டு வந்து நின்னான். எல்லாரையும் சோபாவுல உக்கார வெச்சுட்டு உங்களை மட்டும் எதுல உக்கார வெச்சேன்னு நினைச்சீங்க, மாப்பிள்ளை?