ஒரு சொட்டு டீசல் இல்லாமல்

— பேசாதீங்க முதலாளி. நீங்க பேசப் பேச கண்ணாடி உறையுது.

— என்னய்யா உளர்றே?

— உங்க மூச்சுதான். உள்பக்கமா ஐஸ் கட்டுது பாருங்க. "மாண்புமிகு அமைச்சர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சப்ப ரோடு முழுசாத் தெரிஞ்சுது. "வரலாற்றுச் சிறப்புமிக்க"ன்னு வந்தப்ப பாதி போச்சு. இன்னும் "எதிர்காலத் தலைமுறை" பாக்கி இருக்கு. அதையும் சொல்லிட்டீங்கன்னா நேரா பள்ளத்துலதான் போய் விழணும்.

— சுரண்டிவிடு. அதுக்குத்தானே சுரண்டி வெச்சிருக்கு?

— ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில சுரண்டி. இதையும் பேச்சுல சேத்துக்குங்க.

— ஓட்வார், நீ காலம் பூரா டீசல் மோந்து பாத்தே வளந்தவன். இதோட அருமை உனக்குத் தெரியாது. நடு ஜனவரியில, இருபது டன் சால்மன் மீன், ஒரு சொட்டு டீசல் இல்லாம ஈஃப்யோர்டு மலையைத் தாண்டுது. யாரு தாண்டுறது? எர்லிங்கோட லாரி. வரலாறுய்யா இது, புரியுதா?

— அது சரி. வரலாறு ஹீட்டர் இல்லாமத்தான் தாண்டுது. எனக்குக் கால் விரல் இருக்கா போச்சான்னே தெரியல.

— ஹீட்டர் போட்டா சார்ஜ் குடிக்கும்னு நீதானே சொன்னே?

— நான் சொன்னது வேற. குளிர்ல பேட்டரி மெதுவாத்தான் ஏறும், காத்திருந்து முழுசா ஏத்திட்டுப் போவோம்னு சொன்னேன். நீங்கதான் பாதியிலேயே ஒயரைப் புடுங்கினீங்க.

— மந்திரி ஒஸ்லோவுலேர்ந்து பறந்து வந்து மலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு. பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியம் நிக்குது. நம்ம லாரி மாதிரியே பாதாம் கேக்கு பண்ணி வெச்சிருக்காங்க, சக்கரம்கூட சுத்துமாம். அத்தனை பேரும் உன் பேட்டரிக்காகக் குளிர்ல நிக்கணுமா?

— இந்தக் குளிர்ல பித்தளைக் குழலை வாயில வெச்சா உதடு ஒட்டிக்கும். அந்தப் பிள்ளைங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. அது போகட்டும். அடிவாரத்துக் கேட்டுல, பனித்தள்ளி ஓட்டற யோஸ்டைன் எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு கேட்டப்ப எண்பதுன்னு அடிச்சு விட்டீங்களே?

— குத்துமதிப்பாச் சொன்னேன்.

— அம்பத்தஞ்சுக்கு எண்பது குத்துமதிப்பா? உண்மையைச் சொல்லியிருந்தா அவன் கேட்டைத் திறந்திருக்கவே மாட்டான். புயல்ல வண்டிங்களை வரிசையா கூட்டிட்டுப் போறது அவன் பொறுப்பு. ஒருத்தன் நடுவுல படுத்தா அத்தனை பேருக்கும் சங்கு.

— படுக்காது. நான் கணக்குப் போட்டிருக்கேன்.

— கோடைக்காலத்துக் கணக்கு. இருங்க, ரேடியோவுல கூப்பிடறான்.

— லாரிக்காரங்களுக்கு, முன்னால பனித்தள்ளியிலேர்ந்து யோஸ்டைன் பேசறேன். நிதானம், நிதானம். இப்ப ஏத்தம் வருது, மேல காத்து பலமா இருக்கு. கேட்டுலயே சொன்னதுதான், மறுபடி சொல்றேன். வாலுக்கு வர்ற காவல் வண்டி இன்னைக்கு ரிப்பேரு. அதனால அவங்கவங்க பின்னால வர்ற விளக்கை அவங்கவங்க பாத்துக்கணும். விளக்கு காணோம்னா அங்கேயே நில்லு, எனக்குச் சொல்லு. நீ நின்னா நானும் நிப்பேன். ஓட்வார், உனக்குப் பின்னால ஒரே ஒரு வண்டி. அதுல ரேடியோ கிடையாது. தெரியுதா?

— தெரியுது யோஸ்டைன். மஞ்சளா, மங்கலா ஒரு வெளிச்சம்.

— நல்லது. அதை விட்டுடாதே.

— மஞ்ச விளக்குன்னா ஏதோ பழைய டீசல் வண்டியாத்தான் இருக்கும், என்ன ஓட்வார்? வரட்டும் வரட்டும். எதிர்காலத்தோட முதுகைப் பாத்துக்கிட்டே வரட்டும் இறந்தகாலம். அட! நல்லா விழுந்திருக்கே! பேனா குடு, எழுதிக்கறேன்.

— மை உறைஞ்சு போயிருக்கும்.

— சரி, ஒரு வாய் காப்பியாவது ஊத்து.

— காப்பிக்கு எங்க போறது? உங்க வீட்டம்மா பிளாஸ்க்கை நீட்டினாங்க. நீங்க வாங்காம ஏறிக் கதவைச் சாத்தினீங்க. நான் ஆசையா பாத்தேன். எனக்குக் குடுக்கலாம்னு அவங்க சுத்தி வர்றதுக்குள்ள "எடு வண்டியை"ன்னுட்டீங்க.

— குன்வோர் பேச்சை எடுக்காதே. இன்னைக்கு, இந்த நாள்ல, டீசல் ஜெனரேட்டரைத் தூக்கி என் லாரியில ஏத்துறா! கேட்டா, "வழியில நின்னுட்டா கரண்டுக்கு எங்க போவே, மந்திரியைத் தள்ளச் சொல்லுவியா?"ங்கறா. அத்தனை பேர் முன்னால! கேமராக்காரன் பின்கதவைத் திறந்து அதைப் படம் எடுத்தான்னா என் மானம் என்ன ஆகறது?

— அதுக்காக அவங்க கையாலேயே இறக்க வெச்சிருக்க வேணாம். இடுப்பு வலிக்காரங்க.

— "என் கூடவும் வராதே, என் பின்னாலயும் வராதே, வீட்டுல உக்காந்து டிவியில பாரு"ன்னேன். முப்பது வருஷமா கம்பெனி நடத்தறேன், எனக்குத் தெரியாதா?

— ஆரம்பத்துல வண்டி ஓட்டினதே அவங்கதான்னு கேள்விப்பட்டேன். நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து பேசிட்டு வருவீங்களாம்.

— யாரு சொன்னா? அவளா?

— ஊரே சொல்லுது.

— ரோட்டைப் பாரு.

— எங்க பாக்க? வெள்ளையாத்தான் இருக்கு. ஓரத்துக் குச்சிங்க ஒண்ணு விட்டு ஒண்ணுதான் கண்ணுல படுது. பகல் பதினோரு மணி, கும்மிருட்டு. இந்த வடக்குல ஜனவரியில சூரியன் எங்க வருது? முதலாளி, சார்ஜ் இருபத்தெட்டுக்கு வந்துடுச்சு.

— இப்பத்தானே முப்பத்தஞ்சு பாத்தேன்?

— எதிர்க்காத்து. நீங்க கணக்குப் போட்டப்ப காத்து லீவுல இருந்திருக்கும். கையை வாயில வெச்சு ஊதாதீங்க, அதுவும் கண்ணாடியிலதான் ஒட்டும்.

— உச்சியைத் தாண்டினா இறக்கம்தானே? இறக்கத்துல சார்ஜ் தானா ஏறும். அதுதான் இந்த வண்டியோட மகிமை.

— பேட்டரி விறைச்சுப் போய்க் கிடக்கு. ஊட்டினாலும் வாங்காது. ...முதலாளி.

— என்ன?

— பின்னால விளக்கைக் காணோம்.

— வளைவுல மறைஞ்சிருக்கும்.

— வளைவு தாண்டி நேர் ரோட்டுக்கு வந்துட்டோம். உங்க பக்கத்துக் கண்ணாடியில பாருங்க.

— எல்லாம் ஒரே புகையா இருக்கு... பனிதான் மறைக்குது. வந்துடும்.

— நூறு வரைக்கும் எண்ணறேன். அதுக்குள்ள வரலைன்னா நிறுத்திடுவேன்.

— நிறுத்துவியா? எங்க நிறுத்துவே? இந்த ஏத்தத்துலயா? நின்னா இருபது டன்னைத் திரும்ப இழுக்குமா இது? வாயைத் திறந்து சொல்லு, இழுக்குமா?

— ...இழுக்காது. இழுத்தாலும் இருக்கற சார்ஜ்ல பாதியை அதுக்கே குடிச்சிடும்.

— நாம படுத்தா வரிசையே படுக்கும். வரிசையில முன்னால போற பஸ்ஸுல குழந்தைங்க இருக்கு. அவங்களை உறைய விடப்போறியா? யோசிச்சுப் பேசு.

— பின்னால வர்ற வண்டியிலயும் குழந்தை இருந்தா?

— அவன் என்ன பச்சைப் பிள்ளையா? வண்டியை ஓரங்கட்டி என்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டு ஜம்முனு உக்காந்திருப்பான். டீசல்காரனுக்கு என்ன குறைச்சல்?

— அப்படி உக்காந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரைப் போன வருஷம் நான்தான் மண்வெட்டியால தோண்டி எடுத்தேன். பனி புகைக்குழாயை மூடிடுச்சு. புகை உள்ளயே சுத்தியிருக்கு. ரெண்டு பேரும் தூங்கற மாதிரி இருந்தாங்க. அந்தம்மா மடியில பாதி உரிச்ச ஆரஞ்சு.

— இப்ப எதுக்கு அதை எல்லாம் சொல்றே?

— நீங்க "ஜம்முனு"ன்னீங்களே, அதுக்கு. ரேடியோவை எடுங்க. சொல்லியாவது வைப்போம்.

— சொன்னா நிறுத்தச் சொல்லுவான்.

— நிறுத்தத்தானே சொல்லணும்!

— இங்க பாரு ஓட்வார். இன்னும் கொஞ்ச தூரம் ஏறினா உச்சி, அப்புறம் இறக்கம், அந்தப் பக்கத்துக் கேட்டு. போய்ச் சேர்ந்த நிமிஷம் நானே சொல்றேன். மீட்புக்காரங்க சங்கிலிச் சக்கர வண்டியில போய் அலேக்காத் தூக்கிட்டு வருவாங்க. நாம நின்னு என்ன கிழிக்கப்போறோம்? நீ இறங்கித் தேடுவியா? உன் கையே உனக்குத் தெரியாது. காலை எடுக்காதே, மிதி.

— ஓட்வார், யோஸ்டைன் பேசறேன். உச்சியில இருக்கேன், இங்க ஒண்ணுமே தெரியல. வரிசை எப்படி? உன் பின்னால விளக்கு இருக்கா?

— யோஸ்டைன், அது வந்து...

— குடு இங்க! ...யோஸ்டைன், நான் எர்லிங். இருக்கு, இருக்கு. நல்லாத் தெரியுது.

— நல்லது. நிதானம்.

— பாத்தீங்களா நீங்க?

— பாத்த மாதிரிதான்.

— முதலாளி, நீங்க பாத்தீங்களா?

— ஏதோ மினுங்குச்சு. விடேன்! நீயும்தான் சும்மா இருந்தே. மைக்கு என் கையில, வாய் உன்கிட்டதானே இருந்துச்சு? கத்தியிருக்கலாமே?

— ...அது சரி.

— என்ன அது சரி? ஏன்யா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? ஏதாவது பேசு.

— கண்ணாடி உறையும்.

— ...உச்சியா இது? உச்சிதானே? இறங்குதே! ஓட்வார், இறங்குது பாரு! எவ்வளவு இருக்கு?

— ஒம்பது.

— போதும், போதும். நான் சொன்னேன்ல? யாருய்யா நம்பினீங்க? குன்வோர் நம்பினாளா? நீ நம்பினியா? போனதும் முதல்ல அவளுக்குத்தான் போன் போடுவேன். "அம்மா தாயே, உன் ஜெனரேட்டர் எங்க இருக்கு? பத்திரமா வெச்சுக்கோ, குளிருக்கு அடுப்பெரிக்க உதவும்"னு சொல்லணும். அங்க பாரு, லைட்டு! கேட்டு வந்துடுச்சு! அது பேண்டுதானே? வாசிக்கறாங்களா?

— கையைத்தான் உதறிட்டு நிக்கறாங்க.

— மந்திரி, அதோ நீலக் கோட்டு. என் கழுத்துப் பட்டி நேரா இருக்கா? கண்ணாடியைச் சுரண்டு, என் முகம் வெளிய தெரியட்டும்.

— ஓட்வார், யோஸ்டைன் பேசறேன். கேட்டுல நின்னு எண்ணிட்டேன். ஒண்ணு குறையுது. உன் பின்னால வந்தது எங்க?

— மைக்கைக் குடு ஓட்வார், நான் பேசறேன்.

— யோஸ்டைன், நான் எர்லிங் பேசறேன். அது பாருங்க, கொஞ்சம் பின்தங்கிடுச்சு போல.

— நல்லாத் தெரியுதுன்னு சொன்னது நீங்கதானே?

— அப்பத் தெரிஞ்ச மாதிரி...

— ஏத்தத்துல விட்டுட்டோம் யோஸ்டைன். உச்சிக்குக் கீழ, பெரிய வளைவு தாண்டி. நான் நிறுத்தல.

— ஓட்வார்... நீயா? உன்னை நம்பித்தான்டா வாலைப் பாத்துக்க விட்டேன்.

— சண்டை அப்புறம் போடலாம். யோஸ்டைன், ஆளை அனுப்புங்க. செலவு என்னவோ கம்பெனி குடுக்கும். மந்திரி காதுக்கு மட்டும் இப்ப போகவேணாம், கேக்கு வெட்டினதும்...

— யாரை அனுப்ப? நமக்குப் பின்னாலயே காத்து ரோட்டைப் பனியால மூடிடுச்சு. நானே திரும்பி ஏற முடியாது. சங்கிலி வண்டி கடற்கரையிலேர்ந்து வரணும், இருட்டுல எப்ப வந்து சேருமோ. நின்னிருந்தீங்கன்னா அப்பவே நான் இறங்கி வந்திருப்பேன். அப்ப முடிஞ்சிருக்கும்.

— ஏதோ ஒரு டீசல்காரன், அவனும் கொஞ்சம் ஜாக்கிரதையா...

— டீசல்காரன் இல்லீங்க. உங்க கம்பெனியோட சாம்பல் நிற வேன். உங்க வீட்டம்மா.

— ...யாரு?

— குன்வோர். கேட்டுல வந்து என்னைக் கெஞ்சி, உங்க லாரிக்கு நேர் பின்னால இடம் வாங்கிட்டாங்க. வேனுக்குள்ள ஜெனரேட்டர். உங்க வண்டி நின்னுட்டா குடுக்கணும்னு.

— திருப்பு. ஓட்வார், வண்டியைத் திருப்பு!

— நாலு இருக்கு முதலாளி.

— ஏத்து! எங்கயாவது சொருகி ஏத்துய்யா!

— இங்க எதுல சொருக? கரண்டு மேல வேன்ல இருக்கு.

— யோஸ்டைன்! அடப்பாவி, என்கிட்ட ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொல்லட்டுமான்னு கேட்டேன். "வேணாம், பின்னால வர்றது நான்னு தெரிஞ்சா அந்த மனுஷன் வண்டியை நிறுத்திடுவாரு"ன்னாங்க.