சிவப்புக்கு அங்கிட்டு

நிறுத்துங்க சார், நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. மேல ஓசோனும் ஹைட்ரஜனும் மோதிக்குது. மோதுனதுல ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டிக்கிட்டுத் தனியா வருது. வந்தது சும்மா கெடக்காம நடுங்குது. நடுக்கம் அடங்கயில வெளிச்சம் விடுது. ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாது, சிவப்புக்கும் அங்கிட்டு. அம்புட்டுத்தானே? எட்டாப்போட நின்னவளுக்கு இது போதும்.

இதைப் பாக்கவா மெட்ராஸ்லேருந்து லாரி நெறயா சாமானோட நார்த்தாமலைக்கு வந்தீங்க? ஊர்ல ஒருத்தரும் நம்பலங்க. பாதிப்பேரு புதையல்ங்கிறாக, பாதிப்பேரு மதுவிலக்குப் போலீசுங்கிறாக. ஒங்களுக்குத் தண்ணி தூக்குற நானும் போலீசுன்னுதான் நெனைச்சேன். சிரிக்காதீங்க. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பல்லு வெளக்குற போலீசு உண்டான்னு அப்புறந்தான் தோணுச்சு.

அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிற பொட்டி வானத்தை மட்டுந்தான் பாக்குமா? கீழ சாய்ச்சா? சாம்பல் மூடுன கங்கு, பாத்தா இருட்டு, சூடு மட்டும் இருக்கு. அது தெரியுமா? தெரியலாமா! தெரியுமான்னா தெரியலாம்ங்கிறீங்க. சரி, அதுவே போதும்.

நேராவே சொல்லிடுறேன். எங்கப்பா பிச்சை சாராயம் காய்ச்சுனவரு. மாசியில கருப்பர் கோயில்ல என் தலையில ஒரு கைய வச்சு, இன்னொரு கையால கற்பூரத்தை அணைச்சு, இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. இப்பப் பொழுது சாஞ்சா முந்திரிக்கொல்லைக் காவல்னு கெளம்புறாரு. கொல்லை கெழக்க இருக்கு. இவரு போறது மேற்க, அந்தா, அந்தப் பாறை இடுக்குக்கு.

ஏன், நான் போய்ப் பாக்கலையா? ரெண்டுவாட்டி போனேன். சருகு மிதிபடுற சத்தம் கேட்டதும் பாறை மேல குந்திக்கிட்டு பீடி குடிக்கிறாரு. வாடையப் பிடிக்கலாம்னா மூக்கும் அடைச்சுக்கெடக்கு.

இன்னைக்கு ராத்திரி பொட்டிய அங்கிட்டுத் திருப்புங்க. ஒரு ராத்திரில வானம் எங்கயும் ஓடிப்போயிறாது. போலீசுக்கு மட்டும் போயிறாதீங்க, அப்புறம் இந்த ஊர்ல ஒங்களுக்குத் தண்ணி தூக்க ஆள் கிடைக்காது.

என்ன அவசரமா? சத்தியம் தவறுனா, யாரு தலையில கை வச்சாகளோ அவுகளத்தான் கருப்பரு கேப்பாரு. பதினெட்டு நாளா பொழுது சாஞ்சா எனக்குக் காய்ச்சல் அடிக்குது, இருமலும் நிக்கல. அங்க கங்கு இருந்தா சொல்லுங்க, அப்பா கால்ல விழுந்து நிறுத்தச் சொல்றேன். இல்லேன்னா வெள்ளனயே சொல்லிருங்க சார், மொத பஸ்ஸுல புதுக்கோட்டை ஆசுபத்திரிக்குப் போகணும்.