யார் கணக்கில் மாரிட்

ராய்ஸ்: ...திரும்பி வந்துருச்சுடி. அனுப்பி அரைமணி நேரம் ஆகல, திரும்பி வந்துருச்சு!

மாரிட்: எதுப்பா?

ராய்ஸ்: வருமான வரிக் கணக்குதான். ஏப்ரல் மாசத்துல மனுஷன் வேற எதை அனுப்புவான்?

மாரிட்: ஏதாவது எழுத்துப் பிழையா இருக்கும். போன தடவை உங்க பேரையே தப்பா அடிச்சீங்க.

ராய்ஸ்: இது அது இல்ல. இங்க பாரு... "நீங்கள் காட்டிய பிள்ளையின் அடையாள எண் வேறொரு கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது." எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை என் முன்னாடி உக்காந்து உருளைக்கிழங்கு தின்னுட்டு இருக்கு.

மாரிட்: நீங்களும் தின்னுங்க. ஆறிப்போகுது.

ராய்ஸ்: உங்கம்மா வேலைதான் இது.

மாரிட்: அப்பா...

ராய்ஸ்: கோர்ட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஒரு வருஷம் அவ கணக்குல நீ, மறு வருஷம் என் கணக்குல நீ. இது என் முறை. அவளுக்கு அதுகூடவா மறந்துபோச்சு? அந்தப் போனை இப்படித் தள்ளு.

மாரிட்: இப்ப வேணாம்ப்பா. அம்மா வேலையில இருப்பாங்க.

ராய்ஸ்: ஞாயித்துக்கிழமையா?

மாரிட்: அப்ப... தூங்குவாங்க.

ராய்ஸ்: மத்தியானம் ஒரு மணிக்கா? தள்ளுடி போனை. உன்னைக் காட்டினாத்தான் எனக்குத் திரும்பி வர்ற காசு. அதை நம்பித்தான் புது ஹீட்டருக்கே சொல்லி வச்சிருக்கேன். இந்த ஊர்ல ஹீட்டர் இல்லாம இன்னொரு குளிர்காலம்னா என் எலும்பு உறைஞ்சுபோகும். அவ எடுக்கலன்னா வக்கீலுக்கே அடிக்கிறேன்.

மாரிட்: அம்மா இல்லப்பா.

ராய்ஸ்: பின்ன?

மாரிட்: நான்தான்.

ராய்ஸ்: நீதான் என்ன?

மாரிட்: நானும் கணக்குத் தாக்கல் பண்ணேன். என் பேர்ல.

ராய்ஸ்: ...நீயா? உனக்கு என்னடி கணக்கு? பதினேழு வயசுல?

மாரிட்: பிள்ளை பாத்துக்கிட்ட காசு.

ராய்ஸ்: ஹ! பிள்ளை பாத்துக்கிட்ட காசுக்கு எவனாவது வரி கட்டுவானா? அது கையில வாங்கிப் பையில போடுற காசு. நான் உன் வயசுல ஊர்பூரா புல்லு வெட்டினேன், ஒரு பய என்னைக் கேக்கல.

மாரிட்: கேக்கலன்னா கணக்கு இல்லன்னு அர்த்தம் இல்ல. கையில குடுத்தாலும் வருமானம் வருமானம்தான்.

ராய்ஸ்: சரிங்க மேடம்.

மாரிட்: சிரிக்காதீங்க. லிண்ட்கிரென் வீட்டம்மா என் அடையாள நம்பரைக் கேட்டாங்க. பிள்ளை பாத்துக்கக் குடுத்த காசைக் காட்டினா அவங்களுக்கு வரியில கழியுமாம். அவங்க குடுத்தேன்னு எழுதிட்டு, நான் வாங்கலன்னு இருந்தா?

ராய்ஸ்: ம்... அது சரி. எவ்வளவு சேத்த?

மாரிட்: மூணு வீட்லயும் சேத்து மூவாயிரம் டாலர் பக்கம்.

ராய்ஸ்: மூவாயிரம்! என்கிட்ட பெட்ரோலுக்குக் காசு கேட்டியே, ராட்சசி!

மாரிட்: அது வேற விஷயம்.

ராய்ஸ்: ஆனா மூவாயிரத்துக்கு வரியே வராதே. அந்த எல்லை எங்கயோ மேல இருக்கு.

மாரிட்: வருமான வரி வராது. இன்னொண்ணு வரும். நீங்க நகராட்சியில வண்டி ஓட்டுற சம்பளக்காரர், உங்க வயசான காலத்துக்குப் பிடிக்கிற காசுல பாதி நீங்க, பாதி நகராட்சி. எனக்கு முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான். ரெண்டு பாதியும் என் தலையில. செலவு போக மிச்சம் நானூறு டாலரைத் தாண்டினாலே கட்டணும்.

ராய்ஸ்: நூத்துக்கு எவ்வளவு?

மாரிட்: பதினஞ்சு பக்கம்.

ராய்ஸ்: அடப்பாவி! டயப்பர் மாத்துற பொண்ணுகிட்டயா?

மாரிட்: கலர் பென்சில், பஸ் செலவெல்லாம் கழிச்சுட்டேன். மீதிக்குக் கட்டியாச்சு.

ராய்ஸ்: கெட்டிக்காரிதான். இதை எல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?

மாரிட்: படிச்சேன். பிள்ளைங்க தூங்கினப்புறம் வேற என்ன வேலை?

ராய்ஸ்: அந்த மூணு வீட்ல டோரீன் வீடும் உண்டா? ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்காளே, ரெட்டைப் பசங்க...

மாரிட்: ...இல்ல. அவங்க காசாத் தர்றதில்ல.

ராய்ஸ்: காசாத் தராம?

மாரிட்: அத விடுங்க.

ராய்ஸ்: விட்டேன். சரி, நீ தாக்கல் பண்ணினா என் கணக்கு ஏன் திரும்பி வரணும்? பிள்ளையும் தாக்கல் பண்ணலாம், அப்பனும் அந்தப் பிள்ளையைக் காட்டலாம். ஒண்ணுக்கொண்ணு இடிக்காதே... ஓ! ஒரு கேள்வி வருமே, அதுல தப்பா அடிச்சிருப்ப. "உன்னை வேற யாராவது தன் கணக்கில் காட்ட முடியுமா?"

மாரிட்: முடியாதுன்னு போட்டேன்.

ராய்ஸ்: அதான்! உன் வயசுப் பசங்க எல்லாரும் பண்ற தப்பு. முழுசாப் படிக்காம தட்டிவிடுறது. ஒண்ணும் பெரிசில்ல, திருத்தி அனுப்பு. நான் பயந்தே போயிட்டேன்.

மாரிட்: முழுசாப் படிச்சுதான் போட்டேன்.

ராய்ஸ்: என்ன படிச்ச? நான் காட்டுறேனே உன்னை!

மாரிட்: "காட்டுறாங்களா"ன்னு கேக்கலப்பா. "முடியுமா"ன்னு கேக்கிறான். காட்டணும்னா பிள்ளை பாதி வருஷத்துக்கு மேல கூட இருந்திருக்கணும்.

ராய்ஸ்: அது சேந்து இருக்கிறவங்களுக்கு. பிரிஞ்சவங்களுக்குத் தனி விதி. எனக்குத் தெரியாதா, வக்கீலுக்கு எவ்வளவு அழுதிருக்கேன்! நீ உங்கம்மா கூட இருந்தாலும் என் முறை வந்தா நான் காட்டலாம். ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட இருந்தாப் போதும்.

மாரிட்: ஆமா. ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட.

ராய்ஸ்: பின்ன என்ன?

மாரிட்: அங்கதான் இடிக்குது. உங்ககிட்ட என்ன சொன்னேன்? ஸ்கூலுக்குப் பக்கம், அதனால அம்மா வீட்லயே இருக்கேன்னு.

ராய்ஸ்: ஆமா.

மாரிட்: அம்மாகிட்ட உங்களுக்கு முதுகுவலி, ஒத்தாசைக்கு ஆள் வேணும், அதனால உங்ககூட இருக்கேன்னு சொன்னேன்.

ராய்ஸ்: எனக்கா முதுகுவலி?

மாரிட்: ரொம்ப மோசம். சில நாள் எந்திரிக்கவே மாட்டீங்க. நீங்க ரெண்டு பேரும் வக்கீல் மூலமாத்தானே பேசிக்கிறீங்க. மாட்டிக்க வழியே இல்ல. போன ஜூன்லேர்ந்து ரெண்டு பேர் வீட்லயும் நான் இல்ல. கோபமா?

ராய்ஸ்: ஏன் அப்படிப் பண்ண?

மாரிட்: இந்த வாரம் யார் முறைன்னு கேக்காத ஒரு வீடு வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்... எந்த வீடுன்னு நீங்க கேக்கவே இல்லியே?

ராய்ஸ்: டோரீன் வீடு. மாடியில, பின்பக்க ரூம்.

மாரிட்: ...அவங்க சொன்னாங்களா?

ராய்ஸ்: யாரும் சொல்லல. அந்தத் தெருவுக்கும் நான்தானே பனி தள்ற வண்டி ஓட்டுறேன். விடியக்காலையில நீ அந்த ரூம் விளக்கைப் போடுவ. கொஞ்ச நேரத்துல கீழ வந்து, ரெட்டைப் பசங்களை ஸ்கூல் பஸ்ஸுல ஏத்துவ. ரெண்டுக்கும் தொப்பியை இழுத்து விடுவ.

மாரிட்: எப்பலேர்ந்து தெரியும்?

ராய்ஸ்: முதல் பனி விழுந்தன்னிக்கு.

மாரிட்: அப்பலேர்ந்தா? ஒரு நாளாவது வண்டியை நிறுத்தி, "வீட்டுக்கு வாடி"ன்னு சொல்லியிருக்கலாமேப்பா!

ராய்ஸ்: சொல்லியிருப்பேன். நீயும் கிளம்பியிருப்ப... உங்கம்மா வீட்டுக்கு. அவ தெருவுக்கு என் வண்டி போறதில்ல.