அப்பாவின் கட்டம்

வில் என்ற ஊரில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிய வேலையை விட்டு, ஸ்டேசனுக்கு நடந்து வந்து சூரிச் ரயிலில் ஏறினேன். முதல்நாள் முழுக்கப் பாண்தான் சாப்பாடு. முன் இருக்கையில் நம்மவர் இருவர், அண்ணனும் தங்கையும். இருவர் கையிலும் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“அப்பாவின்ரை கட்டத்தை ஏன் அண்ணை வெள்ளையா விட்டிட்டு வந்தனீங்கள்?”

பேச்சிலிருந்து விளங்கியது: சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, ஏன் சில குடும்பங்களில் தொடர்கிறது என்று ஆராயும் டொக்டர் இவர்களிடம் இரத்தம் எடுத்து, பரம்பரைப் படமும் கீறியிருக்கிறார். அதில் ஆளுக்கொரு கட்டம்; வருத்தம் இருந்தவரின் கட்டத்தைக் கறுப்பாக்குவாராம்.

“உள்ளதைச் சொன்னா உன்ரை கலியாணப் பேச்சு என்னாகும்?”

“டொக்டர் என்ன கலியாணத் தரகரோ?”

“வாய் பழகிப் போச்சு. ஊரிலை கேட்டவைக்கெல்லாம் காய்ச்சல் எண்டுதானே சொன்னனாங்கள்.”

“காய்ச்சலுக்கோ அப்பாவின்ரை காலை வெட்டினவை?”

அண்ணன் யன்னலைப் பார்த்தார். “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா விட்டிட்டுப் போயிடுவினம்.”

“போகட்டும். நானே அவையளுக்குச் சொல்லுவன். நாளைக்கு என்ரை பிள்ளைக்கும் வரலாம். பொய்ப்படத்தை வைச்சு டொக்டர் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? அடுத்த ஸ்டேசனிலை இறங்கித் திரும்பிப் போறன். நீங்கள் வாறியளோ?”

“இப்பவோ?”

“இப்பதான்.”

“ஓம், வாறன். கத்தாதை.”

அடுத்த ஸ்டேசனான விண்டர்தூரில் இறங்கினார்கள். தங்கை முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை சூரிச் ஓர்லிகோனில் ஒரு சலவைச்சாலையில் வேலை கேட்டேன். முதலாளி தந்த காப்புறுதிப் படிவத்தில் பெற்றோரின் நோய்களைக் கேட்டிருந்தது. எங்கள் வீட்டார் வெளியில் எவருக்கும் சொல்லாத அம்மாவின் வலிப்பை எழுதினேன். முதலாளி வாசித்தார். பிறகு ஈர விரிப்புகளைப் பிழியும் மெசினடிக்கு என்னைக் கூட்டிப்போய் வேலையைக் காட்டினார்.