பதினெட்டுக் கேள்வி

தர்மினி: கையை மடக்காதீங்க சார், டேப் வழுக்குது.

ஃபிரெடி: வாத்துப் படமெல்லாம் போட்டிருக்கே மிஸ்...

தர்மினி: காலையில பிள்ளைங்க வார்டுல அளந்த டேப். பெரியவங்களுக்கும் இதேதான். சதை எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு பாக்கணும்ல, டயட்டிஷியன் வேலையே அதுதானே... இருபத்தொன்னு சென்டி! என்ன லா இது, குச்சியா இருக்கு.

ஃபிரெடி: மெர்லிமாவ் ஊர்ல ஒத்தையா கெடக்கிறவன் கை... வேற எப்படி இருக்கும்?

தர்மினி: வயசு? அதை வச்சுத்தான் எத்தனை கேள்வின்னு முடிவு.

ஃபிரெடி: எந்த வயசுக்கு எத்தனை கேள்வி?

தர்மினி: அறுபதுக்குக் கீழன்னா ரெண்டே ரெண்டு. எடை குறைஞ்சுச்சா, பசி குறைஞ்சுச்சா. மேலன்னா பதினெட்டு.

ஃபிரெடி: அறுபத்திரண்டு.

தர்மினி: நெஜமா?

ஃபிரெடி: எழுதுங்க மிஸ். மத்தியானம் டிஸ்சார்ஜ். அப்புறம் யாரு என்னைய உக்காந்து கேக்கப் போறா?

தர்மினி: சரி, பெரிய ஃபாரத்தையே எடுக்குறேன், அங்கிள்.

ஃபிரெடி: அங்கிளா!

தர்மினி: அறுபத்திரண்டுன்னா அங்கிள்தான். வீட்டுல காலையில பசியாற என்ன?

ஃபிரெடி: கோப்பி ஓ, பாலில்லாம. பிஸ்கட் ரெண்டு.

தர்மினி: மத்தியானம்?

ஃபிரெடி: கடையில மீ நூடுல்ஸ். அதுவும் பாதிதான்.

தர்மினி: சமைக்கிறதில்ல?

ஃபிரெடி: ஒரு ஆளுக்கு யாரு மிஸ் அடுப்பு பத்த வைப்பா?

தர்மினி: நான் வைக்கிறேன். தினமும். ஒரே ஆளுக்கு.

ஃபிரெடி: அப்போ நீங்களும்...

தர்மினி: கேள்வி கேக்கிறது நானு. பசி எப்போலேர்ந்து இல்ல?

ஃபிரெடி: புலாவ் செபாங் ஸ்டேஷன்ல ஒரு புள்ள ரயிலேறிப் போச்சு. அது அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். எஸ்டேட் பையனுக்கு, அதுவும் வேதக்காரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு... அவரே நின்னு பச்சைக் கொடி காட்டி அனுப்பினாரு. அன்னைக்கிலேர்ந்து.

தர்மினி: ...ஃபாரத்துல கடைசி மூனு மாசம்தான் கேக்குது.

ஃபிரெடி: இது முப்பத்தஞ்சு வருஷம்.

தர்மினி: அதுக்குக் கட்டம் இல்ல. காலை நீட்டுங்க, கெண்டைக்கால் அளக்கணும்.

ஃபிரெடி: இந்தக் காலை அளந்தாச்சே...

தர்மினி: அளந்தாச்சா?

ஃபிரெடி: ரெண்டு தடவை.

தர்மினி: டேப்... வழுக்குது. இன்னும் ஒன்னுதான் பாக்கி. உங்க வயசு ஆளுங்களோட பார்த்தா, உங்க உடம்பு எப்படி?

ஃபிரெடி: அதுக்கு வயசை ஒழுங்கா சொல்லியிருக்கணுமே. பொய் சொல்லிட்டேன்... அம்பத்தெட்டுதான். மூஞ்சிய மாஸ்க்ல மறைச்சா மட்டும் குரல் மாறிடுமா, தர்மினி? இன்னும் கொஞ்ச நேரம் அதைக் கேக்கணும்னு ஆசை. அதான்... ஃபைல்ல ஐசி நம்பர் இருக்குமே, அதுலயே பொறந்த தேதி இருக்கு, பாக்கலியா?

தர்மினி: ஐசி எதுக்கு? டிசம்பர் மூனு வந்தாத்தானே உனக்கு அம்பத்தொம்பது... ரெண்டு கேள்வியோட எந்திரிச்சுப் போக எனக்கும் மனசு வரல, ஃபிரெடி.